சீட்டாட்டமே உத்தியோகமாய் ஒரு பிரெஞ்சுக்காரர்

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்றால் அது பெலோத் ஆடத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த என் சித்தப்பா ஒரு சொல்தா. சாயங்காலம் நான்கு பேர் திண்ணையில் கூடினால் 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. துருப்பில் ராஜாவைவிட ஜாக்கிதான் பெரியவர், அவருக்கு 20 புள்ளி. பள்ளிக்கூடக் கணக்கைவிட எனக்கு அந்தக் கணக்குச் சீக்கிரம் வந்தது. அப்பா கண்ணில் பட்டால், "சீட்டு ஆடுறவனுக்குச் சோறு எங்கேருந்து வரும்?" என்பார். சித்தப்பா சிரிப்பார். அவருக்கு மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துவிடுமே!

அப்பாவின் அந்தக் கேள்வி அறுபது வருஷம் கழித்து மறுபடி வீட்டுக்குள் வந்தது. பாரீசில் இருக்கும் என் பேரன் போன விடுமுறைக்கு வந்தபோது, ஒரு பெட்டி நிறைய வண்ணச் சீட்டுகள் கொண்டுவந்தான். படிப்பு முடிந்ததும் இதையே தொழிலாக ஆடப்போகிறானாம். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றாள். தெரியாத விஷயத்தில் புத்தி சொல்லக்கூடாது என்பது குமாஸ்தா வேலையில் நான் கற்றது. முதலில் கோப்பைப் படிக்கவேண்டும். படித்தேன். பிரெஞ்சில் நிறையவே கிடைத்தது.

ஆட்டத்தின் பெயர் 'மேஜிக் த கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித முனைவர் உருவாக்கி, 1993-இல் வெளிவந்தது. நம் சீட்டில் எல்லாருக்கும் ஒரே கட்டு. இதில் ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து குறைந்தது 60 சீட்டைப் பொறுக்கி, அவரவர் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வரவேண்டும். ஆடத் தொடங்கும்போது கையில் 7 சீட்டு. எது வரும் என்பது அதிர்ஷ்டம். எதைக் கட்டில் வைப்பது, எதை எப்போது இறக்குவது என்பது மூளை. ஒரு ஆட்டத்தில் யாரும் யாரையும் தோற்கடிக்கலாம். ஆனால் வருஷக்கணக்கில் பார்த்தால் அதே சில பேர்தான் மேலே நிற்கிறார்கள்.

1996-இல் சீட்டுகளை அச்சிடும் கம்பெனியே நியூயார்க்கில் 'புரோ டூர்' என்ற பரிசுப் பணப் போட்டியைத் தொடங்கியது. டென்னிஸ் மாதிரி ஊர் ஊராகப் பந்தயம். சீட்டாட்டக்காரன் என்ற ஓர் உத்தியோகம் அதில்தான் பிறந்தது.

அதில் நுழைந்தவர்களில் ஒருவர் ரபாயேல் லெவி. 1981-இல் பிறந்தவர், துலூஸ் நகரத்துக்காரர். 1990களின் பிற்பகுதியில், மீசை அரும்பும் வயதிலேயே ஆடவந்துவிட்டார். 2006-இல் உலகப் போட்டி பாரீசில் நடந்தது. அங்கே, தன் சொந்த நாட்டு மண்ணில், 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. நம் ஊரில் அந்த வயதில் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்க வரிசையில் நிற்போம்!

கௌரவம் கிடைத்ததும் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த வருஷமே டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் கிராண்ட் பிரீ என்னும் பெரிய பந்தயங்களை அடுத்தடுத்து வென்றார். 2013-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கோப்பையில் அவர் தலைமையில் பிரான்ஸ் அணி இறுதியாட்டத்தில் ஹங்கேரியை வென்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் போட்டி மேசையில் உட்கார்ந்தவர்.

இதுவரை பேரன் கட்சி. இனி கோப்பின் மறுபக்கம்.

கிராண்ட் பிரீ என்பது சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆட்டமாக இருந்தது. முதல் நாளில் சறுக்கினால் வெறுங்கையோடு ஊர் திரும்பவேண்டியதுதான். பயணமும் தங்குமிடமும் பெரும்பாலும் சொந்தச் செலவு. 2009-இல் கியோட்டோ புரோ டூரை வென்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கபிரியேல் நாசிஃபுக்கு முதல் பரிசு 40,000 டாலர். ஆனால் முதல் பரிசு ஒருவருக்குத்தான். மற்றவர்கள் கட்டுரை எழுதுவது, ஆட்டம் சொல்லிக்கொடுப்பது என்று பக்க வருமானம் தேடினால்தான் வண்டி ஓடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இவர்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை, ஆனால் பிழைப்பு ஒரு கம்பெனியின் கையில். கம்பெனியின் வியாபாரம் சீட்டு விற்பது. போட்டி அதற்கு விளம்பரம். 2016-இல், உச்சத் தரத்து ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு புரோ டூருக்கும் கொடுத்துவந்த 3,000 டாலரை 250 ஆக்குகிறோம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழவே, சில நாளில் கம்பெனி பின்வாங்கியது. 2018 டிசம்பரில் 32 பேருக்கு ஆளுக்கு 75,000 டாலர் ஒப்பந்தம் என்றார்கள். கிட்டத்தட்ட மாதச் சம்பளம்! 2021 மே மாதம், அடுத்த பருவத்தோடு அந்த ஏற்பாடு முடிகிறது என்றார்கள். 2023-இல் புரோ டூர் மறுபடி வந்தது. அந்தச் சம்பளம் வரவில்லை.

எனக்கும் ஒருமுறை ஊதிய உயர்வு ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது உண்டு. ஆனால் விதிப் புத்தகம் இருந்தது, சங்கம் இருந்தது, மனுப் போட ஒரு மேசை இருந்தது. கடைசியில் நிலுவையோடு வந்தது. லெவி போன்றவர்களுக்கு அந்த மேசை கிடையாது. அவர்களுடைய திறமையில் குறை ஒன்றும் இல்லை. திறமைக்கு யார் பொறுப்பேற்பது என்பதில்தான் ஓட்டை.

இத்தனையையும் பேரனிடம் இரண்டு பக்கமும் மறைக்காமல் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டத்தை முடி, பிறகு இரண்டு வருஷம் ஆடிப் பார், எந்த நாளில் நிறுத்துவது என்று இப்போதே எழுதி வை என்றேன். தலையாட்டினான். பிறகு கேட்டான்: "தாத்தா, பென்ஷன் வரும்னுதான் நீங்க வேலையில சேர்ந்தீங்களா?"

ஆமாம் என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

"ஒரு கை பெலோத் போடலாமா?" என்றான். போட்டோம். துருப்பு ஜாக்கி அவன் கையில் இருந்தது. கடைசிவரை இறக்காமல் வைத்திருந்து என்னை வெட்டினான்.