கோட்டிலிருந்து வெளிக்கு: ஆதிமூலத்தின் அரூபப் பாதையும் மலாக்காத் தமிழ் மாணவரும்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பத்திலிருந்து ஓவியம் படிக்கப் போகும் பிள்ளையிடம் எல்லாரும் ஒரு படத்தை எதிர்பார்க்கிறார்கள். விடியாத வேளை, நெற்றியில் விளக்கு, நிரையில் குனிந்து பால் வெட்டும் ஒரு பெண். இந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இடிந்துவிட்டன. இந்நிலையில் அந்தப் படம் ஒரு சாட்சியம். ஆனால் அதே பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகளில் உருவத்தை விட்டு வண்ணப் பரப்புக்குள் நகரும்போது இரண்டு தீர்ப்புகள் வந்துவிடுகின்றன. ஒன்று, வரைய வராததால் இப்படிப் போய்விட்டான் என்பது. மற்றொன்று, பிறந்த சனத்தை மறந்துவிட்டான் என்பது. இரண்டும் பிழை என்பதே என் வாதம். அதற்குத் தமிழ்நாட்டு ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் வாழ்க்கை தெளிவான சான்று.

ஆதிமூலம் 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் 1966 வரை பயின்றார். அப்போது முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்தையே ஓவியத்தின் உடலாக்கிக்கொண்டிருந்தார். அத்தகைய ஆசிரியரின் நிழலில் இருந்த மாணவர் நேரே அரூபத்துக்குத் தாவியிருக்கலாம். ஆதிமூலம் தாவவில்லை. கறுப்பு மையையும் கோட்டையும் பற்றிக்கொண்டார். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார்.

அடுத்து வந்த அரசர் வரிசையில்தான் திருப்பம் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. முடியும் அணியும் உடையும் பின்னிப் பிணைந்த கோடுகளாகின்றன. கோடு பெருகப் பெருக உள்ளே இருக்கும் மன்னன் மெலிகிறான். கோடு இங்கே உருவத்துக்கு எல்லை கட்டும் வேலையை விட்டுவிட்டுத் தன்போக்கில் நடக்கத் தொடங்குகிறது. பின்னர் எண்ணெய் வண்ணத்தில் ‘வெளி’ வரிசை வந்தபோது உருவம் முற்றாக நீங்கியிருந்தது. அடுக்கடுக்காக அப்பிய நிறங்கள் மண்ணாகவும் வெளிச்சமாகவும் தோன்றின. கல்லூரியை விட்டு வெளிவந்து பத்தாண்டுக்கு மேல் கடந்திருந்தது. வரைய வராதவர் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

இரண்டாவது தீர்ப்புக்கும் அவரிடமே மறுமொழி உண்டு. அரூப ஓவியராக நிலைபெற்ற அதே 1980களில், ஜூனியர் விகடனில் வந்த கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் படம் வரைந்தவரும் அவரே. கரிசல் சம்சாரியின் முகம் ஒரு கையிலும் பெயரற்ற நிறவெளி மறு கையிலுமாக அவர் வேலை செய்தார். சனத்தை மறந்தவர் செய்யும் காரியமா இது?

மலேசியாவில் அரூபம் வேறு வழியாக வந்தது. லத்திப் மொகிதின் பெர்லினில் படித்துத் திரும்பினார். சையத் அகமது ஜமால் உள்ளிட்ட எழுவரின் ‘குருப்’ கண்காட்சி 1967இல் நடந்தது. வெளிநாட்டில் பயின்றவர்கள் முன்னின்றதால், அரூபம் என்றால் வெளியூர்ச் சரக்கு என்ற எண்ணம் இங்கே ஊன்றிவிட்டது. அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன் சென்னை ஓவியப் பள்ளிக்கே போய்ப் படித்தவர். ஆனால் அவர் பேர்பெற்றது காதலும் காவியமும் கலந்த உருவ ஓவியங்களால். ஆக, ஆதிமூலம் நடந்த பாதை மலேசியத் தமிழ் மாணவருக்குப் பழக்கமான பாதையாக ஆகவில்லை.

எனினும் அந்தப் பாதைக்கு வேண்டிய பொருள் மலாக்காவில் கொட்டிக் கிடக்கிறது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்ட மண் இது. பெரட்டுக்குப் போய் வந்த பாட்டியின் கை என்ன செய்தது என்று எண்ணிப் பாருங்கள். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு வெட்டு. அடுத்த முறை அதன் கீழே, மெல்லிய தோல் அளவுக்கு இன்னொரு சீவல். ஆழம் குறைந்தால் மங்கில் பால் சேராது. ஆழம் மிஞ்சினால் மரம் காயப்பட்டு, ஆறிவரும் பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும். ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில், பல்லாயிரம் முறை போட்ட கோடு அது. ஆதிமூலத்தின் மைக்கோட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கலாம் என்று துணிந்தே சொல்கிறேன். பால் வெட்டும் பெண்ணின் உருவத்தை வரைந்தால் அவரை வெளியே நின்று பார்க்கிறோம். அவர் கை அறிந்த சாய்வையும் அழுத்தத்தையும் திரும்பத் திரும்ப வருவதையும் வரைந்தால் அவர் உழைப்புக்கு உள்ளே போகிறோம். அந்த இடத்தில் அரூபம்தான் நெருக்கமான மொழி.

ஓர் எதிர்வாதத்தை நான் ஒதுக்க முடியாது. தோட்ட வாழ்வு போதிய அளவு உருவமாகவே பதிவாகாதபோது அரூபத்துக்கு என்ன அவசரம் என்பார்கள். நியாயமான கவலைதான். அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். வண்ணத்தைக் கொட்டிவிட்டு அதற்குத் ‘தோட்டம்’ என்று பெயர் வைப்பது அரூபம் ஆகாது. முதலில் கோடு தேற வேண்டும். லயத்தையும் மரத்தையும் முகத்தையும் வரைந்து வரைந்து, எது போனாலும் படம் நிற்கிறது என்று கை தானாக அறிய வேண்டும். உருவத்தை அதன் பிறகே விடலாம். விட்ட பிறகும் கரிசல் முகங்களுக்கு ஆதிமூலம் திரும்பியதுபோல் திரும்பி வரலாம்.

மலாக்காவில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாணவர் உருவமில்லாத படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், ‘இது என்ன?’ என்று கேட்பதற்கு முன், கடந்த மூன்றாண்டுகளில் அவர் வரைந்த கோட்டோவிய நோட்டுகளை வாங்கிப் பாருங்கள்.