வெண்ணெய் எடுத்த பாலில் வளர்ந்த குட்டிகள்

1870களில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கியதும் டென்மார்க் விவசாயிகள் தானியத்தை விட்டுக் கறவைக்கு மாறினார்கள். 1882இல் மேற்கு யூட்லாந்தின் யெடிங் சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை எழுந்தது. காலையில் பால் கேன்கள் வண்டியேறிப் போகும். வெண்ணெய் பிரிட்டனுக்குக் கப்பலேறும். அதே கேன்களில் வெண்ணெய் எடுத்த பால் வீடு திரும்பும். அது பன்றித் தொட்டிக்குப் போயிற்று.

பால்குடி மறந்த பன்றிக்குட்டிக்கு அதைவிட நல்ல தீனி கிடைப்பது அரிது. குட்டியின் குடல் பாற்சர்க்கரைக்குப் பழகியது; மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகள் மெல்லத்தான் ஊறும். திடுமென வெறும் தானியத்தைப் போட்டால் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். கழிச்சல் கண்டு குட்டி இளைத்துப்போகும். வெண்ணெய் எடுத்த பாலில் கொழுப்புதான் போயிருக்கும். புரதமும் சர்க்கரையும் அப்படியே இருக்கும்.

இதை எடைபோட்டுச் சொன்னவர் டென்மார்க் ஆய்வாளர் என். ஜே. ஃபியோர்ட். 1880களில் பன்றிகளுக்கு விதவிதமாகத் தீனி வைத்துப் பார்த்து, 1 பவுண்டு தானியத்துக்கு 6 பவுண்டு வெண்ணெய் எடுத்த பால் ஈடு, பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் நீரென்றால் 12 பவுண்டு வேண்டும் என்று கணக்குக் கொடுத்தார். தொட்டியில் எதை எவ்வளவு ஊற்றலாம் என்பதற்கு விவசாயியின் கையில் ஓர் அளவு கிடைத்தது.

ஆனால் ஊர்ப்பால் முழுவதும் ஒன்றாகக் கலந்ததால் ஒரு பசுவின் காசநோய் எல்லாக் கொட்டிலுக்கும் பரவியது. கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பாங்கின் முயற்சியால், திருப்பித் தரும் பாலைச் சூடாக்கியே தர வேண்டும் என்று 1898இல் சட்டம் வந்தது.

1887இல் ஜெர்மனி உயிர்ப்பன்றி இறக்குமதியைத் தடுத்தபோது, டென்மார்க்கின் ஹோர்சென்ஸில் கூட்டுறவு இறைச்சிக்கூடம் திறந்தது. பிரிட்டிஷ் காலை உணவுக்கான பேக்கன் அங்கிருந்து போனது.

1950 வாக்கில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஜூக்ஸும் ஸ்டாக்ஸ்டாடும், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்தபின் மிஞ்சிய கழிவைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டார்கள். விரைவில் பன்றித் தீவனத்திலும் ஆன்டிபயாடிக் புகுந்தது. பாலால் செய்ததை மருந்தால் செய்யப் பார்த்த அந்தக் காலம் நீண்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகின.

டென்மார்க்கே முதலில் விழித்துக்கொண்ட நாடுகளில் ஒன்று. 1999 முடிவதற்குள் குட்டிகளின் தீவனத்திலிருந்தும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை விலக்கியது. கழிச்சல் கூடியது, சிகிச்சை மருந்தின் செலவும் சிலகாலம் ஏறியது, ஆனாலும் பின்வாங்கவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் அந்த வழிக்கு வந்தது. கழிச்சலைத் தடுக்கக் கொடுத்த துத்தநாக ஆக்சைடு மருந்தும் 2022 ஜூனில் நின்றது. இப்போது தாயிடம் எத்தனை நாள் விடுவது என்பதே பேச்சு. ஐரோப்பிய விதி 28 நாள் என்கிறது. சுத்தம் செய்த தனிக்கொட்டிலுக்கு மாற்றினால் ஒரு வாரம் முன்பே பிரிக்கலாம் என்று விலக்கும் தருகிறது. மருந்து விலகிய நிலையில் குட்டிக்கு அந்த ஒரு வாரத் தாய்ப்பால் பெரிய பலம்.