அரக்கோணம்: இருப்புப்பாதை வளர்த்த நகரம்

அரக்கோணம், ராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை சென்ட்ரலுக்கு மேற்கே 69 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரயில் சந்திப்பு நகரம். பக்கத்துத் திருத்தணிக்கு முருகன் மலை எப்படியோ, அப்படி இவ்வூருக்கு ரயில் நிலையம். கடைத்தெரு, குடியிருப்பு, வேலை எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தன.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது பாதை இவ்வழியே சென்றது. ஆனால் ஊரைப் பெருக்கியவை பிறகு பிரிந்த கிளைகள்தான். 1865இல் காஞ்சிபுரத்துக்கு ஒரு குறும்பாதை வந்தது. வடமேற்கே சென்ற பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. காஞ்சிபுரப் பாதையின் தண்டவாள அகலம் வேறு என்பதால் சரக்கை இங்கே இறக்கி, வண்டி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. ஆளுக்கு வீடு தேவைப்பட்டது. பின்னாளில் ரயில்வேயின் பொறியியல் பணிமனையும் மின்சார இன்ஜின் பணிமனையும் வந்தன.

1980களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மின்பாதை இங்கு எட்டியது. சம்பளம் சென்னையில், வீடு அரக்கோணத்தில் என்ற வாழ்க்கை பரவியது. விடியுமுன் சீசன் டிக்கெட்டோடு மின்சார ரயிலில் ஏறுகிறவர்கள் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். வாடகை குறைகிறது, அதற்கு ஈடாக நாளில் சில மணி நேரம் ரயிலில் போகிறது. கோபன்ஹேகன் 1947இல் ரயில் பாதைகளை ஒட்டி நகரை விரல்களாக நீட்டி, இடைவெளியில் பசுமையை விட்டுவைக்கத் திட்டமிட்டது. இங்கே அத்தகைய திட்டமின்றியே திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர் என நிலையத்துக்கு நிலையம் மனைகள் முளைத்தன. பாதையை விட்டு விலகினால் இன்னமும் வயலும் ஏரியும்தான்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், தக்கோலம் வழியான சுற்றுப்பாதையில் 2019இல் வட்ட ரயில் விடப்பட்டது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து, ராணிப்பேட்டை மாவட்டத்தின் சில ஊர்களையும் சேர்த்துக்கொண்டது. மக்கள் பல்லாண்டுகளாகப் போய்வரும் தடத்தை நிர்வாகம் மெல்லத்தான் பின்தொடர்ந்தது.

ஊரை வளர்த்த தண்டவாளமே அதை இரண்டாகவும் பிரித்தது. பழனிப்பேட்டை, சுவால்பேட்டை போன்ற பகுதிகளுக்கு இடையே போக்குவரத்து சில கடவுகளையே நம்பியிருக்கிறது. அவற்றில் பெயர்பெற்றது இரட்டைக்கண் வாராவதி. பெருமழையில் அதனடியில் நீர் தேங்கினால், எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தொலைதூர ரயில்களுக்குக் கிடைக்கும் அக்கறை இந்தச் சில நூறு அடிக்கும் கிடைத்தாக வேண்டும்.