மடை அறிந்த கைகள்

என் அப்பாரு சூலூர்ப் பக்கத்தில் கவலை ஓட்டியவர். எருதுகள் இரண்டும் சரிவில் இறங்க இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலேறி வாய்க்காலில் கொட்டும். மடையை அகலமாக வெட்டினால் முதல் பாத்தியின் வரப்பு உடையும். குறுக்கினால் கடைசிப் பாத்தி காயும். "கடைசிப் பாத்தியப் பாத்துப்போட்டுத்தான் மடைய வெட்டோணும், கண்ணு" என்பார். நாற்பது ஆண்டு லேத் பட்டறையில் நின்றவன் நான். கோவையின் இயந்திரத் தொழில் அந்த மடையிலிருந்து பிறந்தது என்றே நம்புகிறேன்.

கொங்கு மண் மழை குறைந்த மண். நொய்யலும் அதன் குளங்களும் எட்டாத காட்டுக்குக் கிணறுதான் கதி. பாறையைக் குடைந்து ஆழம் போகப் போக எருதுகளுக்கு மூச்சு வாங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று பெயர் பெற்றது. பிறகு பம்பு, அதற்கு வார்ப்படம் ஊற்றப் பவுண்டரி, ஷாஃப்ட் கடையத் தெருவுக்குத் தெரு லேத். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு ஆழம் என்பதால், வந்த பொருளைத் தன் தேவைக்குத் திருத்துவது இங்கே பழக்கமாயிற்று.

எங்களுக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவே அந்தப் பழக்கத்தின் தொடக்கம். வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்தே இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார்.

இரண்டு தலைமுறை கழித்து, லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தினார். கடைக்குச் சாமான் வாங்கப் போகும் காரின் எஞ்சினில் ஃபார்முலா மாருதி பிறந்தது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயனும் அதை ஓட்டினார். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தத் தடத்தைப் பார்த்து வந்த ஆசையில்தான், என் பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸைத் திறந்தேன். 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தபோது கியர் மாற்றும் வேலையை ஆயிலிடம் ஒப்படைத்தது. என் காரில் கியர் விழும்போது குழைவாக, இழுத்துக்கொண்டு விழும். உறுதியாக விழ வேண்டும் எனக்கு.

வால்வ் பாடியை மேசைமேல் வைத்த அன்று கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அலுமினியத்தில் வெட்டிய வாய்க்கால்கள்! ஆயில் இங்கே தண்ணீர், ஸ்பிரிங் தள்ளும் சிறு வால்வுகள் மடைப்பலகை, நடுத் தகட்டின் துளைகள் மடை, கிளட்ச்சுகள் பாத்தி. துளை பெரிதானால் ஆயில் வேகமாக நிறையும், கிளட்ச் வழுக்காமல் சட்டென்று பிடிக்கும். வேகத்தைத் தணிக்க, ஆயிலைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் பிஸ்டன் ஒன்று தனியாக உண்டு. குளத்துக்குப் போகும் உபரிநீர் மாதிரி.

1.5 மில்லிமீட்டர் துளையை 2 ஆக்கினேன். விட்டத்தில் அரை மில்லி. பரப்பிலோ ஏறக்குறைய 1.8 மடங்கு. பட்டறையில் தினமும் போடும் கணக்கு, அன்று ஆசையில் விட்டுப்போயிற்று. கியர் விழுந்த ஒவ்வொரு முறையும் கார் உதைத்தது. மேட்டில் ஏறும்போது அந்த உதை முதுகெலும்பு வரை வந்தது. வரப்பு உடைந்திருந்தது. இரண்டாவது தகடு வாங்கி, 1.6இல் நிறுத்தினேன். கார் இன்றும் ஓடுகிறது.

இப்போது பையன்கள் தகட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறார்கள். டிரில்லை உடனே கொடுப்பதில்லை. துளையில் விரலை வைத்து, "இந்த ஆயில் எந்தக் கிளட்ச்சுக்குப் போகுது, கண்ணு?" என்று கேட்கிறேன். தடம் பிடித்துக் கடைசி வரை காட்டியவனுக்கு நானே டிரில்லை மாட்டிக் கொடுக்கிறேன்.