மூன்று நாவும் மூன்று நெஞ்சமும்

மும்மொழி அறிந்தாரை இலத்தீனில் ‘திரிலிங்குவிஸ்’, அஃதாவது ‘மூன்று நாவுடையார்’ என்பர். மும்மொழி நூலுக்கும் அச்சொல்லே பொருந்தும். ஆயின் கி.மு. 239இல் பிறந்த கவிஞர் என்னியஸ், இலத்தீன், கிரேக்கம், ஆஸ்கன் ஆகியவற்றை அறிந்தமையால் தமக்கு மூன்று நெஞ்சங்கள் உண்டென்றார்.

‘மூன்று நா’ என்னும் அச்சொல் பின்னர் ஒரு கல்லூரிக்கும் பெயராயிற்று. 1517இல் புஸ்லெய்டன் என்பார் எழுதிவைத்த உயிலால் பெல்ஜியத்தின் லூவன் நகரில் எழுந்த மும்மொழிக் கல்லூரி, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் கற்பித்தது. அதே ஆண்டில் ஸ்பெயினில் அச்சாகி முடிந்த விவிலியம், பழைய ஏற்பாட்டை இம்மூன்று மொழிகளிலும் அருகருகே நிறுத்தியது.

ஏடு தொடவும் நம் முன்னோர் தடுக்கப்பட்டனர். ஆதலின், இளைஞர்காள்! தாய்மொழியை வேராகப் பற்றி, பிற மொழிகளையும் நெஞ்சாரக் கற்போம். மொழி எக்குலத்தார்க்கும் தனியுடைமையன்று, கற்றார்க்கே உடைமை.