பன்மையும் மனநலமும்: புத்தளக் கரையோரம் தரும் பாடம்

பிற பண்பாட்டினரோடு நெருங்கிப் பழகினால் தம் தனித்துவம் கரைந்துவிடுமோ என்னும் அச்சம் பல்கலைக்கழகம் புகும் மாணவர் சிலரிடம் உண்டு. அவ்வச்சத்தால் தத்தம் மொழி, சமயக் குழுக்களுள் ஒடுங்குவோர் ஐயத்திற்கும் தனிமைக்கும் ஆளாதலும் உண்டு. இவ்வச்சம் பொருந்துமா என்பதற்குப் புத்தளக் கரையோர வரலாறு விடை தருகின்றது.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூதா இலங்கையில் வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கு அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருந்தான். பாவா ஆதம் மலையைக் காண விழைந்த அம்முஸ்லிம் பயணிக்குப் பல்லக்கு ஈந்து, யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் வழித்துணையாக அனுப்பினான். இதனால் மன்னன் தன் சமயத்தை இழந்தானல்லன்.

1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியும் இம்மரபினரே. கிறித்தவரான அவர், 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலில் சைவ, வைணவ, சமணப் புலவர்தம் வரலாறுகளை ஒருங்கே தொகுத்தார்.

தன் பண்பாட்டைப் பேணியவாறே பிறரோடும் உறவாடுவோர், இரண்டில் ஒன்றைத் துறந்தோரைவிடப் பெரும்பாலும் மனநலம் மிக்கோராய் விளங்குகின்றனர் என்பது கனேடிய உளவியலாளர் ஜோன் பெரியின் ஆய்வுகள் காட்டும் முடிவாகும். வேரூன்றி நிற்றலும் கதவு திறத்தலும் தம்முள் முரண்பட்டவையல்ல என்பதே இதன் பொருள்.

எனினும் நல்லெண்ணம் மாத்திரம் போதுமா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். உள்ளூர் மக்கள் உணவும் உறையுளும் அளித்து ஆதரித்தனர். ஆயின் ஆண்டுகள் செல்லச் செல்ல, நிலம், தொழில், பாடசாலை இடங்கள் ஆகியவற்றில் நெருக்கடி தோன்றவே, ஒரே மொழியும் சமயமும் உடையோரிடையேயும் 'அகதி', 'ஊரவர்' என்னும் பிரிவு தலைதூக்கிற்று. சமநிலையும் பொதுநோக்கும் உள்ளவிடத்தே குழுக்களிடை உறவு பகைமையைத் தணிக்கும் என 1954இல் கோடன் ஓல்போட் கூறியது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதலின், மாணவரிடை ஒற்றுமையை ஆண்டுக்கொரு கலைவிழாவால் மட்டும் வளர்த்தல் இயலாது. விடுதியறையிலும் விரிவுரை மண்டபத்திலும் எவரும் விருந்தாளியாகவோ அகதியாகவோ உணராத நிலை வேண்டும். மற்றவர் மொழியைக் கற்பது அதற்கு முதற்படி; உரிமைகளைச் சமமாகப் பகிர்வதே அதன் நிறைவு.