‘பிளசர்’: ஒரு சொல்லில் தங்கிய மோட்டார் விளம்பரம்

நம் ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் தனிக்காரைப் ‘பிளசர்’ என்பார்கள். பஸ் வேறு, லாரி வேறு, பிளசர் வேறு. இன்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. சொன்னவர் பலர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. சரக்கு வண்டியிலிருந்து பிரித்துக் காட்ட மேல்நாட்டு மோட்டார் வணிகம் சூட்டிய பெயர். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ‘உல்லாசம்’ என்ற வாடை உறுத்தி, அங்குள்ள வணிகர்களே ‘பயணியர் கார்’ என்று மாற்றச் சொன்னார்கள். அங்கே கைவிடப்பட்டது இங்கே வேரூன்றியது. மோட்டார் விளம்பரம் விற்ற கிளர்ச்சி தமிழில் வாசகமாக அல்ல, பெயர்ச்சொல்லாகவே தங்கியது என்பது என் வாதம்.

மேல்நாட்டு விளம்பரம் இரண்டு குரலில் பேசியது. 1912ஆம் ஆண்டுக் காடிலாக் தன் மின்சார ஸ்டார்ட்டரைக் காட்டியது: கைப்பிடியைச் சுழற்றிக் கையை ஒடித்துக்கொள்ள வேண்டாம். 1923இல் ஜோர்டன் பிளேபாய் காரின் விளம்பரம் இயந்திரத்தை ஏறக்குறைய மறந்தே விட்டது. பரந்த வெளியில் குதிரைக்காரனோடு போட்டியிட்டுப் பறக்கும் காரும் அதை ஓட்டும் பெண்ணும்தான் சரக்கு. இரண்டும் படிக்கத் தெரிந்தவரை, பணம் உள்ளவரை நோக்கியவை. 1911 குடிக்கணக்கின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆகவே இங்கே ஓடுகிற வண்டியே விளம்பரம். 1840இல் தொடங்கி, குதிரை வண்டி கட்டிப் பெயரெடுத்த சிம்ப்சன் நிறுவனத்தில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். அதன் புகையும் சத்தமும் சொன்னதை எந்த நாளேட்டுப் பத்தியும் சொல்லியிருக்காது.

ஓடுகிற வண்டி ஒரு கோயில் ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? திருவண்ணாமலையைப் பாருங்கள். அங்கே இயந்திரத்தில் வந்து சேர்வது புதிதல்ல. 1896இல் வேங்கடராமன் என்ற சிறுவன், பின்னாளைய ரமணர், கடைசிக் கட்டத்தை ரயிலில்தான் கடந்தார். புதிது, வண்டி ஒரு குடும்பத்துக்கு மட்டும் காத்திருப்பது. இங்கே ஒரு வேடிக்கை: தேரை ஆங்கிலேயர் ‘கார்’ என்றே எழுதினர், தேரோட்டம் அவர்களுக்குக் ‘கார் ஃபெஸ்டிவல்’. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர் ஓடும் ஊரில், மோட்டாருக்கும் தேர் என்றே பெயர் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. தேர் ஊர் கூடி வடம் பிடித்து இழுப்பது. பிளசர் ஊரை ஒதுக்கிவிட்டுப் போவது. ‘பிளசர்’ பொருள் தெரியாமல் ஒட்டிய வெறும் ஒலி என்று மறுப்பவருண்டு. பஸ்ஸுக்கு எதிராக நிறுத்திப் பார்த்தால் பொருள் தெரியும்: டிக்கெட் இல்லை, நினைத்த இடத்தில் நிற்கும்.

1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் சென்னையிலிருந்து காரில்தான் ரமணரைப் பார்க்க வந்தார்; ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார். கார் அவரைக் கொண்டு சேர்த்தது ஆசிரம வாசல்வரைதான். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை இன்று வண்டியிலேயே சுற்றி வருபவர்களும் உண்டு. ஊர் அதைக் கிரிவலக் கணக்கில் சேர்ப்பதில்லை.